தூணிடம் சொன்ன சேதி

சின்னவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து தன் கணவனின் அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டில் அதற்குப் பெயர் மரியாதை. தம்பி மனைவி அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. அவள் பேசும்போது அண்ணனும் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. மாமனார் காலத்துச் சட்டம். எதற்காகப் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஆனாலும் அதை மீறிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஒரே கூரை, ஒரே அடுப்பு என்று இருக்கும்போது பேசாமல் முடியுமா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பெரிய விஷயம் என்றால் அண்ணனின் மனைவி மூலமாகப் போகும். அவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். சின்னவள் பெரியவளிடம் சொல்வாள், பெரியவள் தன் கணவரிடம் சொல்வாள், பதில் அதே பாதையில் திரும்பி வரும். சின்ன விஷயம் என்றால் கதவு இருந்தது. "சாப்பாடு ஆறிப்போகுது" என்று சின்னவள் கதவைப் பார்த்துச் சொல்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து கை கழுவப் போவார். "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போனா நல்லது" என்று அலமாரியிடம் சொன்னால், சற்று நேரத்தில் ஆணியில் மாட்டிய குடை காணாமல் போயிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கதவும் அலமாரியும் ஒரு நாளும் அவளைக் கைவிட்டதில்லை.

அண்ணனுக்கு ஊரில் மடைக்காரர் என்று பெயர். வயல்களுக்குப் போகும் வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர், எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. தண்ணீர்த் தகராறு என்று வந்தால் அவர்தான் கோர்ட், அவர்தான் போலீஸ். மடைப் பலகையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். கடைசியில் இரண்டே வரியில் தீர்ப்பு. தோற்றவன் அந்த இடத்திலேயே "சரி" என்று சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் செல்லாது, வரப்பில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும். அதைச் சொல்லாமல் யாரும் அங்கிருந்து நகர முடியாது. சொல்லிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது, மறுநாள் அதைப் பற்றி ஒருவரும் பேசக்கூடாது.

அவர் ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை என்பதற்கு ஊரே காட்டும் சாட்சி ஒன்று இருந்தது. தண்ணீர் வற்றிய ஒரு வருஷம், சின்னவளின் கணவன், அதாவது மடைக்காரரின் சொந்தத் தம்பி, தன் முறைக்கு முன்பே மடையைத் திறந்துவிட்டான். மடைக்காரர் அவனை வரப்பில் நிறுத்தி, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றான். அடுத்த முறைத் தண்ணீர் உனக்குக் கிடையாது என்றார். தம்பி "சரி" என்றான். அந்தத் துண்டு வயல் அப்படியே காய்ந்துபோனது. கூடப்பிறந்தவனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவனுக்குச் சொல்லவா வேண்டும் என்று ஊர் மூக்கில் விரலை வைத்தது.

ஆனால் சொல்ல இருந்தது. அன்றைக்குச் சின்னவளின் வயிற்றில் தங்கிய பிள்ளை கலைந்துவிட்டது. முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருக்கவேண்டும், முறை வரும்போது வயலில் நிற்க ஆள் இருக்காது என்றுதான் அவன் அவசரமாக மடையைத் திறந்துவிட்டு ஓடினான். மடைக்காரரிடம் அவளுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் நின்று உண்மைக் காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், இந்தத் தீர்ப்புக்கு நான் சரி என்று சொல்லமாட்டேன் என்றும் சொல்லுங்கள் என்று அழுதாள். பெரியவள் போனாள், வந்தாள், சொல்லிவிட்டேன் என்றாள். மடைக்காரரிடமிருந்து பதில் வரவில்லை. காய்ந்த வயலைக்கூட அவள் மறந்துவிட்டாள். அந்தப் பதில் வராததுதான் வருஷக்கணக்காக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பிறகு அட்டைப்பெட்டி பேக்டரி வந்தது. வயல்களை வாங்கினார்கள், வாய்க்காலை மூடி அதன்மேல் லாரி போகத் தார் ரோடு போட்டார்கள். யார் தலையிலும் இடி விழவில்லை. நல்ல விலை கொடுத்தார்கள், வீட்டுக்கு ஓர் ஆளுக்காவது வேலையும் கொடுத்தார்கள். ஊரின் நேரம் மட்டும் கைமாறிப்போனது. முன்பெல்லாம் தண்ணீர் முறையை வைத்துத்தான் தூக்கமும் சாப்பாடும். இப்போது பேக்டரிச் சங்கு ஊதினால் ஒரு கூட்டம் எழுந்தது, இன்னொரு கூட்டம் படுத்தது. கல்யாணத் தேதி குறிக்கிறவர்கள்கூட மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள்.

மூடிய வாய்க்காலுக்கு மடைக்காரர் எதற்கு? கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் அவரிடம் வந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிக்கும் சண்டை, ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஏமாற்றிய சண்டை என்று கொண்டு வந்தார்கள். அவரும் இரண்டு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஆனால் "சரி" என்று உரக்கச் சொன்னவன் மறுநாளே பேக்டரி ஆபீசில் போய்ப் புகார் கொடுத்தான். ஆபீசில் கிடைத்த தீர்ப்புக்குச் சம்பளத்தில் பலன் இருந்தது. அப்புறம் யாரும் வரவில்லை. மடைக்காரர் காலையில் குளித்து, சட்டை போட்டு, வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்து உள்ளே போனார். பார்க்கவே பாவமாக இருக்கும். அவருக்காக வருத்தப்படுகிறவள் தான்தானா என்று சின்னவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் அதற்குள் பேக்டரியில் காலூன்றிவிட்டாள். கணவன் கம்பெனி பஸ் ஓட்டினான். அவள் மடித்து ஒட்டும் பிரிவில் சேர்ந்தாள். கை சுறுசுறுப்பு, கண் கூர்மை, வாய்ப்பேச்சு குறைவு. மேனேஜருக்கு அது பிடித்துப்போய், இரண்டாம் லைனுக்கு அவளைச் சூப்பர்வைசராகப் போட்டார். சும்மா இல்லை, மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயம் அவள் கைக்கு வந்திருந்தது. அது கையைவிட்டுப் போய்விடக்கூடாது என்று அவள் தூக்கத்தில்கூட நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நாற்காலியில் உட்கார்ந்து சலித்துப்போன மடைக்காரர், தானும் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். ஆபீசில் அவர் வயதைப் பார்த்து ஹெல்பர் வேலை கொடுத்தார்கள். எந்த லைனில் ஆள் குறைகிறது என்று பார்த்து அங்கே அனுப்பினார்கள். யாருக்கு யார் என்ன உறவு என்று பார்த்து ஆள் போடுவது அவர்கள் வேலை இல்லையே. காலையில் சங்கு ஊதியதும் இரண்டாம் லைனுக்குள் மடைக்காரர் நுழைந்தார். கையில் சோற்று டப்பாவோடு ஒரு கணம் நின்றார், சின்னவளைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் திருப்பிக்கொண்டாள். இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றதை லைன் முழுக்கப் பார்த்தது. ஊர்க்காரர்கள் ஆயிற்றே, ஒருவரும் சிரிக்கவில்லை.

அவரை அட்டை வைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அச்சடித்து வெட்டிய அட்டைகளை அடுக்கடுக்காக எடுத்து மிஷின் வாயில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மிஷின் அதை இழுத்து, பசை தடவி, மடித்து, அந்தக் கோடியில் பெட்டியாகத் துப்பும். வேலையில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. படம் அச்சடித்த பக்கம் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி வைத்தால்தான் மடிக்கும்போது படம் வெளியே வரும். இதை அவரிடம் யார் சொல்வது?

கடவுள் புண்ணியத்தில் ரேடியோ இருந்தார். மடைக்காரர் பக்கத்தில் நின்று அட்டைக் கட்டுகளை அவிழ்த்துக் கொடுக்கும் ஐம்பது வயது மனுஷர். ஒரு சேதி காதில் விழுந்தால் அதை நான்கு பேருக்குச் சொல்லாமல் அவருக்குத் தண்ணீர் இறங்காது. அதனால்தான் அந்தப் பெயர். சின்னவள் ரேடியோவிடம் சொல்வாள், ரேடியோ மடைக்காரரிடம் ஒலிபரப்புவார். வீட்டில் பெரியவள் செய்த உத்தியோகத்தை இங்கே ரேடியோ ஏற்றுக்கொண்டார். லைன் ஓடியது. மேனேஜருக்கு எதுவும் தெரியாது. நாளை எண்ணிக்கொண்டிருந்த சின்னவளுக்கு, மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தைரியம்கூட வந்துவிட்டது.

அப்போது ரேடியோவுக்குப் பல்வலி வந்தது. பல்லைப் பிடுங்கிக்கொள்ள லீவு போட்டுவிட்டார்.

அன்றைக்கென்று ஒரு புது ஆர்டர். யாரோ ஒரு கடைக்காரருக்கு வித்தியாசமான ஆசை: பெட்டி வெளியே வெறும் பழுப்பு நிறமாக இருக்க வேண்டும், திறந்தால் உள்ளே படம் தெரிய வேண்டும். ஆகவே அட்டையில் படம் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். சின்னவள் இதை லைனில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். மடைக்காரரின் இடத்துக்கு வந்ததும் நின்றாள். ரேடியோ இல்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. யாரும் இடித்துக்கொள்ளக்கூடாது என்று அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பார்கள். சின்னவள் அந்தத் தூணைப் பார்த்து, "இன்னிக்கு மட்டும் படம் மேல் பக்கம் வரணுமாம்" என்றாள்.

சொல்லிவிட்டாள், கடமை முடிந்தது. அவள் மனசில் கடுகளவு சந்தேகமும் எழவில்லை. இத்தனை வருஷம் கதவிடம் சொன்னது போய்ச் சேரவில்லையா? குடை காணாமல் போகவில்லையா? அந்தக் கோடியில் பசை கெட்டியாகிறது என்று கூப்பிட்டார்கள், அங்கே போய்விட்டாள். பசையோடு மல்லுக்கட்டி முடித்துத் திரும்பி வரும்போது, பெட்டிகள் மலை மாதிரி குவிந்திருந்தன. அத்தனையிலும் படம் பளிச்சென்று வெளியே தெரிந்தது.

ஒட்டிய பெட்டியைத் திருப்பி ஒட்ட முடியாது, எல்லாம் குப்பை. சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மிஷின் நின்றது. அந்த அமைதியில் மேனேஜர் அறையின் கதவு திறக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மேனேஜர் வெளியூர்க்காரர், சின்ன வயசு, கெட்டவர் இல்லை. கத்தமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் வைத்திருப்பார். யோசிக்கும்போது அதை இழுத்து இழுத்து விடுவார். குவியலைப் பார்த்தார், ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், டேப்பை இழுத்தார். அட்டை வைத்தது யார் என்று கேட்டார். மடைக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு மேனேஜர் சின்னவளிடம் திரும்பி, இவரிடம் விஷயத்தைச் சொன்னீர்களா இல்லையா என்று கேட்டார்.

"சொன்னேன் சார்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"தூண்கிட்ட."

மேனேஜர் டேப்பை விட்டார். அது சர்ரென்று உள்ளே போனது. அவர் படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. "எந்தத் தூண்?" என்று கேட்டார். அவள் மஞ்சள் தூணைக் காட்டினாள். அவரும் அதைத் திரும்பிப் பார்த்தார், அது ஏதாவது சொல்லும் என்பதுபோல.

மடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அது வரப்பில் தீர்ப்புக்கு முன்னால் கனைக்கும் அதே கனைப்பு. லைனில் நின்ற ஊர்க்காரர்கள் தங்களை அறியாமலேயே நிமிர்ந்து நின்றார்கள். அவர் மேனேஜரிடம், இது என் தம்பி சம்சாரம், எங்கள் வீட்டில் இவர்கள் என்னிடம் நேராகப் பேசுவதில்லை, அது எங்கள் வீட்டு முறை என்று சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் பழி முழுக்க அவள் தலையில் விழுந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

"அவங்க வாய் அசையறதைப் பார்த்தேன். எனக்குத்தான் ஏதோ சொல்றாங்கன்னு தெரிஞ்சுது, மிஷின் சத்தத்துல கேக்கல. பார்க்கக் கூடாதுன்னு திரும்பிக்கிட்டேன்."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் வீட்டு முறையில் நான் தலையிடவில்லை, ஆனால் தூணிடம் சொல்கிறவரை வைத்து என்னால் லைன் ஓட்ட முடியாது என்று தன்மையாகவே சொன்னார். அப்புறம் சின்னவளிடம் ஒரு கேள்வி கேட்டார். இது உங்கள் லைன், இவரை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதை நீங்களே இவரிடம் சொல்ல வேண்டும், இப்போதே, உங்களால் முடியுமா? முடியாது என்றால் நாளையிலிருந்து இங்கே வேறு சூப்பர்வைசர்.

முடியாது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. பழையபடி பெட்டி மடிக்கலாம், வீட்டில் நிம்மதி. முடியும் என்றால் ஊர் பார்க்க, வீட்டுப் பெரியவருக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அதற்கு அவசியமே வந்ததில்லை. வாயைத் திறந்தாள். முகம் தானாகவே மஞ்சள் தூணின் பக்கம் திரும்பியது.

அப்போது மடைக்காரர் நான்கு எட்டு வைத்து நடந்து வந்து தூணுக்கு முன்னால் நின்றார். தூணை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பார்த்துச் சொல்லும்மா" என்றார்.

அந்த முகத்தை அவள் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். நினைத்ததைவிட வயசாகியிருந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது அவளுக்குத் தெரியாது.

"இனிமே நீங்க அட்டை வைக்க வேணாம்" என்றாள். "அந்தக் கோடியில கட்டு கட்டற இடத்துக்குப் போங்க. அங்க சத்தம் கம்மி, நான் சொல்றது உங்க காதுல விழும். தப்புல பாதி என்னோடது, அதையும் ஒத்துக்கறேன். அதுக்காக உங்களை இங்கயே விட முடியாது."

முடிந்த பெட்டிகளைக் கட்டு கட்டும் இடம் என்றால் லைனிலேயே கடைசி இடம். புதிதாக வந்த பையன்களை நிறுத்தும் இடம். அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேர் என்றோ ஒரு நாள் வரப்பில் அவர் முன்னால் தலைகுனிந்து நின்றவர்கள். மடைக்காரர் தன் கைகளைப் பார்த்தார். பசை ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொரு விரலாக உரித்துப் போட்டார்.

"சரி" என்றார். முணுமுணுக்கவில்லை. கடைசி மிஷின் வரைக்கும் கேட்டது.

பிறகு தன் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்து போனார். மேனேஜர், லைன் உங்களுடையதுதான் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சின்னவள் கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். அழுகைக்கு நடுவில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

சாயங்காலம் அவர்கள் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. பல் பிடுங்கிய வீங்கிய வாயோடு ரேடியோ எப்படித்தான் ஒலிபரப்பினாரோ. பெரியவள் அடுப்படியில் பாத்திரங்களோடு கோபித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் வழக்கமான சத்தத்தைவிடப் பெரிய சத்தத்தோடு வைத்தாள். இத்தனை வருஷமாக இந்த வீட்டின் வாயாக இருந்தவளை விட்டுவிட்டு இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டார்களாம். அவளுக்குத் தாங்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பக்குவமா எடுத்துச் சொல்லியிருக்க மாட்டேனா?"

"பேக்டரியில நீங்க இல்லையே அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குக் கோபம் இன்னும் அதிகமானது. ஷிப்ட் வந்த பிறகு அந்த வீட்டில் நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவதே அபூர்வம். அன்றைக்கு நான்கு பேரும் இருந்தார்கள். சின்னவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். பழக்கம் விடுமா? கதவைப் பார்த்து, சாப்பாடு ரெடி என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். மடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டயா சொன்னே?"

"ஆமா."

"அப்ப என்கிட்டயே சொல்லு. கதவு வந்து சாப்பிடப் போறதில்ல."

வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம், அன்றைக்குக் கிடைத்த சுதந்திரத்தை அவரும் கொஞ்சம் அனுபவிக்க வேண்டாமா, நேராகச் சின்னவளிடம் திரும்பி, உப்பு தூக்கல் என்றார். என்றைக்குமே தூக்கல்தான், சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், நீ குறைப்பதாக இல்லை என்றார்.

சின்னவள் திகைத்துப் போனாள். பெரியவள் கொண்டுவந்த சேதி எல்லாம் அவர் ருசித்துச் சாப்பிட்டார், பாராட்டினார் என்றுதான் இருந்தது. பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் கூரையில் ஏதோ ஒட்டடையை மும்முரமாகத் தேடினாள். சின்னவளின் கணவனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. ஆனால் சின்னவள் சிரிக்கவில்லை. அவள் மனசு உப்பைத் தாண்டி வேறு எங்கோ போய்விட்டது. உப்பே போய்ச் சேரவில்லை என்றால், மற்றது?

அகப்பையைக் கீழே வைத்தாள்.

"தண்ணி வத்தின வருஷம் இவருக்கு நீங்க தீர்ப்பு சொன்னீங்களே. நான் அக்காகிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினேன். அது வந்துச்சா?"

"வந்துச்சு. நீயும் சரின்னு சொல்லிட்டதா வந்துச்சு. நல்ல பொண்ணுன்னு நினைச்சேன்."

கணவனின் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவள் ஒட்டடையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். அவள் குரல் வந்தபோது அதில் கோபம் இல்லை.

"அப்படியே கொண்டு போய்ச் சேர்த்திருந்தா இந்த வீடு அன்னிக்கே ரெண்டாயிருக்கும். அவர் உன்னைப் பத்திச் சொன்னதையெல்லாம் நான் உன்கிட்ட கொண்டு வந்தேனா? ரெண்டு பக்கமும் வடிகட்டி வடிகட்டித்தானே இத்தனை நாள் ஓட்டினேன்."

அது உண்மைதான். சின்னவளுக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது, வந்த வேகத்தில் பாதி இறங்கியும் போனது. சண்டை வராமல் ஒரு வீட்டை இத்தனை வருஷம் தன் வாயிலேயே சுமந்தவள் அவள். ஆனால் அந்த ஒரு சேதியை வடிகட்ட யாருக்கும் உரிமை கிடையாது. கதவும் பெரியவளும் ரேடியோவும் மஞ்சள் தூணும் யாரும் இனி வேண்டாம் என்று சின்னவள் மடைக்காரரின் முகத்தை, அந்தத் தழும்போடு சேர்த்துப் பார்த்தாள்.

"நான் சரின்னு சொல்லல. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல. வயித்துல இருந்தது கலைஞ்சு போச்சு. என் பக்கத்துல இருக்கணும்னுதான் இவர் முன்னாடியே திறந்துட்டு ஓடி வந்தார். அத்தனை பேர் முன்னாடி அதைச் சொல்ல இவருக்கு வாய் வரல. நீங்க என்னையும் கேட்டிருக்கணும். அந்தத் தீர்ப்பு தப்பு."

கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. மடைக்காரரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையை மட்டும் ஆட்டினான். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கேட்டாகிவிட்டது. பேக்டரியில் சங்கு ஊதி, அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள் தெருவில் பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.

அப்புறம் மடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம்பி மனைவியை நேராகப் பார்த்து, "சரி" என்றார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தார்.